65 எடுத்தும் தோற்ற அணிக்கு

தம்பி, செயலிப் போட்டியில் அணிகளை இரண்டு அறைகளாகப் பிரித்து, வெவ்வேறு நடுவர்கள் புள்ளி போட்டிருக்கிறார்கள். உங்கள் அறையில் 65, 60, 55. மற்ற அறையில் 88, 85, 82. குளத்து நீர்மட்டம் காட்டும் உங்கள் செயலி, தன் அறையில் முதலாவதாக வந்தும், அங்கே கடைசியாக வந்த அணிக்குக் கீழே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது.

இலங்கை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (Z-score) நினைத்துப் பாருங்கள். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை அப்படியே ஒப்பிட முடியாது என்பதால்தான் அது வந்தது. இங்கேயும் அதே கணக்குத்தான். அறையின் சராசரியைக் கழித்து நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்தால், உங்கள் 65க்கும் அவர்களின் 88க்கும் ஒரே 1.22 வருகிறது. ஆனால் அறைக்கு மூன்று அணி என்பது மிகக் குறைவு. மற்ற அறை உண்மையிலேயே பலமானதாகவும் இருக்கலாம். அதனால் "நாங்கள்தான் முதலிடம்" என்று கேட்காதீர்கள். இரண்டு அறையிலும் முன்னுக்கு வந்தவர்களை ஒரே நடுவர் குழு மறுபடி பார்க்கட்டும் என்று கேளுங்கள்.

மறுபடி பார்த்தால் புள்ளி மாறலாம். கிளிநொச்சியில் ஒருமுறை நான் நடுவராக இருந்தபோது, ஒரு பிள்ளையின் டெமோ நடுவில் சிக்னல் போய், வரைபடம் வெள்ளையாக நின்றது. பக்கத்தில் இருந்தவர் உடனே பூச்சியம் போட்டார். பதிவு செய்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் மாற்றினார்.

வென்ற அணிக்குப் படிப்பித்தவரே நடுவராக இருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்த அணிக்கு மட்டுமாவது அவர் விலகியிருக்க வேண்டும். இதையும் எழுத்தில் கொடுங்கள். கூடவே புள்ளித்தாளின் பிரதியைக் கேளுங்கள், செயலியின் நிரலில் எப்போது என்ன மாற்றினீர்கள் என்று காட்டும் உங்கள் கிட் கமிட் (Git commit) வரலாற்றையும் இணையுங்கள்.