லெட்டர் வந்த காரில் வெளியூர் போகலாமா?

பதில் சொல்பவர்: முப்பத்தைந்து வருடம் காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்த ஒரு மெக்கானிக்

கேள்வி: ஐயா, எங்கள் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் கம்பெனியிலிருந்து ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) என்று ஒரு கடிதம் வந்தது. முன் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற கையின் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) சில வண்டிகளில் கழன்றுவிட வாய்ப்பு இருக்கிறதாம். இலவசமாக மாற்றித் தருவார்களாம், ஆனால் பாகம் வர இரண்டு மாதம் ஆகுமாம். என் கணவர், "வண்டியில் ஒரு சத்தம்கூட இல்லை, இப்போதுதான் சர்வீஸ் விட்டோம், இதெல்லாம் நம்மை அங்கே வரவழைக்கிற வேலை" என்கிறார். அடுத்த வாரம் பிள்ளைகளோடு 600 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. போகலாமா?

பதில்: அம்மா, அந்தக் காரில் போக வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி காரணம், உங்கள் கணவருக்கும் சேர்த்து.

சத்தம் இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைத்து அதிர்ச்சி தாங்கும் அமைப்பில், தேய்மானம் வேறு, விரிசல் வேறு. ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் தேய்ந்தால் வேகத்தடை ஏறும்போது 'டொக் டொக்' என்று சொல்லிவிடும். ஷாக் அப்சார்பர் போனால் வண்டி படகு மாதிரி ஆடும். இதெல்லாம் மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டே இருக்கும் சமாசாரங்கள். இரும்பு அப்படிப் புலம்பாது. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து இப்படியும் அப்படியுமாக மடக்கிப் பாருங்கள். பத்து தடவை ஒன்றும் ஆகாது. பதினோராவது தடவை கையோடு வரும். அந்தப் பத்தாவது தடவை கம்பி உங்களிடம் எதுவும் சொல்லியிருக்காது. வார்ப்பிலோ வெல்டிங்கிலோ வெப்பப் பதப்படுத்தலிலோ குறை இருக்கிற பாகமும் அப்படித்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் விரிசல் ஒரு மயிரிழை நகரும். மிச்சம் இருக்கிற இரும்பு பாரத்தைத் தாங்கும்வரை ஸ்டியரிங்கில் எந்த வித்தியாசமும் தெரியாது.

சரி, கழன்றால் என்ன ஆகும்? இப்போது ஓடுகிற பெரும்பாலான கார்களில் முன் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த லோயர் ஆர்மும் அதன் நுனியில் இருக்கும் பால் ஜாயின்டும்தான். அது விட்டுவிட்டால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு சாயும், வண்டியின் அந்த மூலை தரையில் உட்காரும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் உருவிக்கொள்ளலாம், பிரேக் ஹோஸ் அறுந்துபோகலாம். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்துச் சக்கரம் அது சொல்வதைக் கேட்காது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆக, நீங்கள் அவசரமாக நிறுத்தப் பார்க்கிற நேரத்தில்தான் அந்த இடத்துக்கு அதிகச் சுமை.

"வரவழைக்கிற வேலை" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகம் அவர்கள் காசு, கூலி அவர்கள் காசு, பெயர் கெடுவதும் அவர்களுக்கு. எந்தக் கம்பெனியும் ஆசைப்பட்டு ரீகால் போடாது. (வந்த இடத்தில் உங்கள் தலையில் வைப்பர் பிளேடு கட்டப் பார்ப்பார்கள், அது வேறு கதை.)

கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். 'ஓட்ட வேண்டாம்' என்று இருக்கிறதா, 'பாகம் வந்ததும் மறுபடி தெரிவிப்போம்' என்று மட்டும் இருக்கிறதா? முதலாவது என்றால் சாவியை அலமாரியில் வைத்துவிட்டு அவர்களுக்கு ஃபோன் செய்யுங்கள். வண்டியை ஏற்றிப்போக ஏற்பாடு செய்வார்களா, மாற்று வண்டி தருவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குத் தானாகக் கொண்டுவந்து தருவது அபூர்வம். இரண்டாவது என்றால், பாகம் வரும்வரை வண்டியைத் தூக்கிப் பார்த்துச் சோதிக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். சோதனையில் ஆட்டம் தெரிந்தால் பிடித்துவிடலாம், உள்ளே இருக்கிற விரிசலை லிவர் போட்டு நெம்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் 'பார்த்துட்டோம், நல்லா இருக்கு' என்ற சொல்லை நம்பி 600 கிலோமீட்டர் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வண்டியில் போய்வாருங்கள்.

கேள்வி: நான் காரை மூன்றாவது ஆளாக வாங்கினேன். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அப்படியானால் என் வண்டிக்குப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது தம்பி. கடிதம் போவது கம்பெனிக் கணக்கில் இருக்கிற முகவரிக்கு. அந்த முகவரியில் இருப்பவர் யார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ஒரு தடவை என்னிடம் ஆயில் மாற்ற வந்த வண்டி. வேலை முடிந்து, வந்தவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தார். 'படார்' என்று ஒரு சத்தம். இடது முன் சக்கரம் மடங்கி, முன்னங்காலை மடக்கிப் படுத்த மாடு மாதிரி வண்டி உட்கார்ந்துவிட்டது. நடக்கிற வேகம்தான், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஏனென்றால் அரை மணி நேரத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் வந்த வண்டி அது. பிறகு நம்பரைக் கொடுத்து விசாரித்தால், அதே ஜாயின்டுக்கு ரீகால் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு கடிதம் போயிருக்கிறது, இரண்டும் முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக்கு.

அன்றிலிருந்து என் பட்டறைக்குப் புதிதாக எந்த வண்டி வந்தாலும் முதலில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பதிவுச் சான்றிதழில் இருக்கும். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ கதவுத் தூணிலோ கூடப் பார்க்கலாம். மொத்தம் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஆகவே வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது பூஜ்யம்தான். கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போடுங்கள், அல்லது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஒருமுறை பார்த்ததோடு விடாமல், ஒவ்வொரு சர்வீஸின்போதும் பாருங்கள். நேற்று இல்லாத ரீகால் இன்று வரலாம். கையோடு உங்கள் முகவரியையும் அவர்கள் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே மாடல், ஒரே நிறம். எனக்கு ரீகால், அவருக்கு இல்லை. இது எப்படி? குறை எதில் இருக்கிறது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரியுமா?

பதில்: நிறம் ஒன்றாக இருக்கலாம். பால் ஜாயின்ட் ஒரே நாளில் வார்த்ததாக இருக்க வேண்டுமே. சஸ்பென்ஷன் பாகங்களில் பலவற்றைக் கார் கம்பெனி செய்வதில்லை, வேறு தொழிற்சாலைகளிலிருந்து பேட்ச் பேட்சாக வரும். எந்தத் தேதியில் வந்த பெட்டி எந்த வண்டிகளில் ஏறியது என்று பதிவு இருக்கும். வாரன்டியில் திரும்பி வந்த உடைந்த பாகங்களையும் புகார்களையும் அந்தப் பதிவோடு ஒப்பிட்டு, இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை என்று கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் இருக்கிற எல்லா வண்டியிலும் குறை இருக்காது, சிலவற்றில்தான் இருக்கும். எது என்று வெளியிலிருந்து தெரியாததால் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள்.

சில நேரம் குறை பாகத்திலேயே இருக்காது. 2012-இல் டொயோட்டா அமெரிக்காவில் ரேவ்4, லெக்சஸ் எச்எஸ் 250எச் வண்டிகளைக் கிட்டத்தட்ட 7.78 லட்சம் திரும்ப அழைத்தது. பின் சஸ்பென்ஷன் ஆர்ம்தான் விஷயம். அந்த ஆர்மின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட் வைப்பார்கள், அதாவது சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வார்கள். வைத்து முடித்ததும் லாக் நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் மரையில் ஆட்டம் வரும், துரு ஏறும், கடைசியில் ஆர்ம் பிரிந்துபோகலாம். ஒரு நட்டு, அம்மட்டுத்தான். அதைவிட எனக்கு உறைத்தது, அடுத்த வருடமே ஏறக்குறைய அதே வண்டிகளை அவர்கள் மறுபடியும் அழைத்தார்கள் என்பது. முதல் தடவை பார்த்த சில வண்டிகளில் வேலை சரியாக நடக்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற என்னைப் போன்றவர்கள் தலை குனிய வேண்டிய இடம் அது.

அதனால் ரீகால் வேலை முடிந்தது என்றால் வாய்ச்சொல்லோடு வராதீர்கள். எந்த ரீகால் எண், என்ன பாகம் மாற்றினார்கள், என்ன தேதி, எல்லாம் எழுதிய தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நேராகப் போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. கேட்டால் "போகப் போக செட் ஆகிடும்" என்கிறார்கள்.

பதில்: செருப்புதான் போகப் போக செட் ஆகும். ஸ்டியரிங் ஆகாது. ஆர்மைக் கழற்றி மாட்டினால் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். அதை ரீகால் வேலையின் பகுதியாகவே செய்துதரச் சொல்லுங்கள். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்டையும் கேளுங்கள். விட்டுவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும், டயர் உங்கள் செலவு.

இன்னொன்றையும் கேட்டுவையுங்கள்: புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினார்களா? புதிதாகத் தொழில் கற்றபோது நான் செய்த தப்பு இது. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன். புஷ்ஷின் ரப்பர் நடுவில் இருக்கும் குழாயோடு ஒட்டி இருக்கும். தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிட்டது. வண்டிக்காரர் திரும்பி வந்தார், எங்கள் மேஸ்திரி என்னை ஒன்றும் திட்டவில்லை, கிழிந்த புஷ்ஷை என் கையில் கொடுத்து நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குவதுதான் சரி.

கேள்வி: பாகம் வரத் தாமதமாகிறது. தெரிந்த வெல்டர் ஒருவர், விரிசல் விழுகிற இடத்தில் ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூடு பக்கத்து இரும்பின் பதத்தை மாற்றிவிடும், அடுத்த விரிசல் அந்தப் பட்டையின் ஓரத்தில் ஆரம்பிக்கும். ஜன்னல் கம்பிக்கு அவர் நல்ல வெல்டராக இருக்கலாம்.

கேள்வி: என் கார் பத்து வருடத்துக்கு மேல் பழையது. இவ்வளவு பழைய வண்டிக்கும் ரீகால் வருமா?

பதில்: வரும். துருவுக்கு வருடம் ஆக ஆகத்தானே பலம் கூடும்! 2010-இல் ஃபோர்டு, 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வண்டிகளை அமெரிக்கா, கனடாவில் சுமார் 5.75 லட்சம் அழைத்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுகிற பகுதிகளில் பின் ஆக்சில் அரித்து முறியும் அபாயம். 2023-இல் ஹோண்டா, 2007 முதல் 2011 வரையிலான சிஆர்-வி வண்டிகளை ஏறக்குறைய 5.64 லட்சம் அழைத்ததும் அதே உப்பால்தான். பின் ஃபிரேம் அரித்து, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெயிலிங் ஆர்ம் கழன்றுகொள்ளலாம் என்றார்கள். பழைய வண்டிதானே என்று நம்பரைப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால், காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த நுனி டயரைக் கிழிக்கும்.

கேள்வி: ரீகால் வருவதற்கு முன்பே அதே பாகத்தை என் சொந்தச் செலவில் மாற்றிவிட்டேன். பணம் கிடைக்குமா?

பதில்: பல கம்பெனிகள் தருகின்றன, பில் இருந்தால். இருந்தாலும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் மாட்டிய புதுப் பாகமும் அதே பேட்ச்சாக இருக்கக்கூடும்.

கேள்வி: மாற்றிய பழைய பால் ஜாயின்டை வீட்டுக்கு எடுத்துவரலாமா? சும்மா, ஞாபகத்துக்கு.

பதில்: பெரும்பாலும் தரமாட்டார்கள். சிலதை ஆராய்ச்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், மற்றதை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி வெட்டிப்போட்டுவிடுவார்கள். ஆனால் பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்டுவார்கள். கையில் வாங்கி, பந்து மாதிரி இருக்கிற தலையை ஆட்டிப் பாருங்கள். உங்கள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும்.