கணினி கேள்வி – பதில்: திடீரென்று நின்றுபோகும் சிஸ்டம்

இந்த முறை ஹேங் ஆகும் கம்ப்யூட்டர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லோருமே "திடீர்னு நின்னுடுது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது, எப்படி நிற்கிறது என்று எழுதியவர்கள் குறைவு. பழுது எங்கே என்பதை அந்த விவரம்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. நேரம் காலம் இல்லாமல் ஹேங் ஆகிறது. சில சமயம் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும், சில சமயம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு முறை ஃபார்மட் போட்டும் அதே தொல்லை என்றால் விண்டோஸ் மேல் பழி போடுவதை நிறுத்திவிடலாம், ஆனால் அதற்காக நேராக மதர்போர்டுக்குத் தாவ வேண்டியதில்லை. இடையில் சோதிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவை பெரும்பாலும் காசு செலவில்லாதவை.

எதையும் தொடுவதற்கு முன்னால் புகைப்படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கணக்கு வழக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள். ஏன் அவசரம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

அடுத்த முறை நிற்கும்போது ரீசெட் செய்யாமல் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் உயிர் இன்னும் இருக்கிறது, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு அசையவே இல்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு 'டர்ர்ர்' என்று ஒரே இடத்தில் இழுக்கிறது என்றால் அது வேறு கதை, அங்கே ரேம், பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். திரை மட்டும் உறைந்து, பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்துடன் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், மறுபடி தொடங்கும். அதில் சரியானால் குற்றவாளி டிரைவர்தான். கடையில் ஃபார்மட் போடும்போது அதே பழைய டிரைவரைத்தான் பெரும்பாலும் மறுபடி போட்டிருப்பார்கள், அதனால் கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது "தானாகவே சரியாகிவிடும்" என்ற இடம். ரேம் கெட்டு நின்ற சிஸ்டம் இரண்டு நிமிடம் கழித்து எழுந்து வராது. நின்று, யோசித்து, திரும்பி வருகிறது என்றால் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். டிஸ்க்கில் ஓர் இடம் பழுதாகி, அங்கே எழுதியிருப்பதைப் படிக்க முடியாவிட்டால் வீட்டு உபயோக டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும். அதுவரை விண்டோஸும் பொறுத்திருக்கும், டிஸ்க் பதில் சொல்ல அது வழக்கமாகக் கொடுக்கும் அவகாசமே 60 விநாடி. அந்த நேரத்தில் கேபினட்டின் முன்பக்க டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் தொடர்ந்து எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

உறுதி செய்துகொள்ள கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். மேலே "குட்" என்று நீலத்தில் போட்டிருப்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள், கீழே வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். இந்த இரண்டிலும் கடைசிக் கட்டம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம், காப்பி எடுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். காப்பி எடுக்கும் முன் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க்கை ஓட்டிவிடாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் மிச்ச உயிரும் போய்விடும்.

சி7 என்ற வரி மட்டும் ஏறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அது பெரும்பாலும் டிஸ்க்கின் பழுது அல்ல, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள சாட்டா கேபிளின் கோளாறு. இந்த எண் ஏறினால் இறங்காது, அதனால் பழைய கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். அதற்கு மேல் ஏறவில்லை என்றால் விஷயம் முடிந்தது. மதர்போர்டு மாற்றச் சொல்லிக் கொண்டுபோன சிஸ்டம் ஒரு கேபிளோடு சரியாவது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை.

விண்டோஸ் தன்னிடம் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. அங்கே "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் இருக்கும், உடனே பவர் சப்ளை போச்சு என்று எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் வரும். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய சில நிமிடங்களை. அங்கே டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, இல்லாவிட்டால் 129 என்ற எண்கள் இருந்தால் மறுபடியும் டிஸ்க், கேபிள் பக்கம்தான் கை காட்டுகின்றன.

இதெல்லாம் சுத்தமாக இருந்தால் அப்புறம் ரேம். மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு படுக்கப் போகும்போது ஓட விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பிழைதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதியுங்கள், எது என்று தெரிந்துவிடும். கழற்றும்போது பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விட்டு, கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். தங்க நிற முனைகளை அழி ரப்பரால் மெல்லத் துடைப்பது நம் சர்வீஸ் கடைகளின் பழைய வைத்தியம். பல நேரம் வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் துகள் எதுவும் ஒட்டியிருக்காமல் ஊதிவிட்டுச் செருகுங்கள்.

வெப்பத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பிராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் சட்டென்று அணைந்துவிடும். உறைந்து நிற்பது அதன் வழக்கம் அல்ல. இருந்தாலும் ஏழு வருடத் தூசியும் பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருப்பதும் எந்த நல்லதையும் செய்யப்போவதில்லை, திறந்ததே திறந்தீர்கள், சுத்தம் செய்துவிடுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேபிள், ரேம், டிரைவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த முறை வந்தால் எனக்கும் தெரியாது.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் கம்ப்யூட்டர் உறைந்துவிடுகிறது, சில நேரம் ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபேன், லைட் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன. – வாசகர், கோவில்பட்டி

பதில்: ஃபேனுக்குக் கண்சிமிட்டும் நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ், மின்சாரம் நின்ற பிறகு சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தர அளவு. உள்ளே கெப்பாசிட்டர்கள் வயதாகி உப்பியிருந்தால் அது குறையும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட்டால் பிரச்சினை இல்லை. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் "யுபிஎஸ்", "நார்மல்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் நார்மலுக்குப் பதில் "எக்கோ" என்று போட்டிருப்பார்கள். அதை யுபிஎஸ் பக்கம் வைத்துப் பாருங்கள், மாறும் வேகம் கூடும். பதிலுக்கு வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலே அது பேட்டரிக்குப் போய்விடும், அது பழகிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (சதுர அலை மின்சாரம்), சைன் வேவா (லைன் கரண்ட் போன்ற சீரான அலை) என்று பாருங்கள். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பல, ஸ்கொயர் வேவ் மின்சாரத்தில் முரண்டு பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுக்கொள்வது நிம்மதி. அதில் லேசர் பிரிண்டரை மட்டும் சேர்த்துச் செருகிவிடாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

கேள்வி: ரைசன் முதல் தலைமுறை பிராசஸர், லினக்ஸ் போட்டிருக்கிறேன். கேம், வீடியோ எடிட்டிங் எதிலும் குறையில்லை. சும்மா விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் செத்துக் கிடக்கிறது. இது என்ன நியாயம்? – வாசகர், பெங்களூரு

பதில்: வேலை செய்யும்போது நிற்காமல் ஓய்வில் நிற்பதுதான் இதற்கு அடையாளம். வேலை இல்லாதபோது பிராசஸர் சி6 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். அப்போது அது இழுக்கும் கரண்ட் மிகவும் குறைந்துவிடுவதால் சில எஸ்எம்பிஎஸ்கள் அதற்கு ஈடுகொடுக்காமல் தடுமாறும். பயாஸில், அதாவது மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளில், "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை "டிபிக்கல் கரண்ட் ஐடில்" என்று மாற்றிவிடுங்கள். உங்கள் பயாஸில் அது இல்லை என்றால் பயாஸைப் புதுப்பித்தால் வரலாம். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடக்கூடும், மின்வெட்டு அறிவித்த நாளில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 11, இதுவும் ரைசன். முழுதாக நிற்பதில்லை, எப்போதாவது ஓரிரு விநாடி மட்டும் எல்லாம் திக்கித் திக்கிப் போகிறது, சத்தமும் சேர்ந்து கரகரக்கிறது. – வாசகர், மதுரை

பதில்: பிராசஸருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியால் இப்படி ஆகலாம் என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்துவிட்டது, உங்கள் மதர்போர்டு மாடலுக்குரியதைப் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முன்னதாக அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்டேட் முடிந்ததும் அது கேட்கக்கூடும்.

கேள்வி: ஹேங் ஆகாமல் இருக்க நல்ல கிளீனர், பூஸ்டர் சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்களேன். – வாசகி, சேலம்

பதில்: எதுவும் வேண்டாம். ஏற்கெனவே ஒன்று இருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதால்தான் ஹேங் ஆகிறது என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறார். உண்மையா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. அதனால் கம்ப்யூட்டர் நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போவது தனிக் கவலை, அதற்காக விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாறலாம். ஆனால் கெட்டுப்போன டிஸ்க்கோடு மாறினால் புதிய விண்டோஸும் அதே இடத்தில் நிற்கும், அதனால் திண்டுக்கல் வாசகிக்குச் சொன்ன டிஸ்க் சோதனையை முதலில் முடித்துவிட்டு மாறுங்கள்.