ட்ரோனை விற்கும் முன் பறப்புப் பதிவுகளை என்ன செய்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் திருமண வீடுகளுக்குப் படமெடுக்கும் தொழில் செய்கிறேன். சில ஆண்டுகளாகப் பயன்படுத்திய டிஜேஐ ட்ரோனைத் தென்காசியில் ஒருவருக்கு விற்க இருக்கிறேன். மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டால் போதுமா? பறந்த விவரங்கள் வேறெங்கும் பதிந்திருந்தால் அவற்றை முழுவதுமாக அழிக்க முடியுமா?

பதில்: போதாது. கார்டில் இருப்பவை நீங்கள் எடுத்த படங்கள் மட்டுமே. ட்ரோன் எந்த மொட்டை மாடியிலிருந்து கிளம்பியது, எவ்வளவு உயரம் சென்றது, நீங்கள் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினீர்கள், பேட்டரியின் மின்னழுத்தம் எப்போது இறங்கியது என்பவையெல்லாம் வேறு இடங்களில் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. ஓரிடத்தில் அழிப்பதால் இன்னோரிடத்தில் இருப்பது அழியாது.

இவற்றுள் எளிதில் திறந்து படிக்கக்கூடியது, ட்ரோனைப் பறக்கவிடப் பயன்படுத்தும் ஆப் எழுதும் பதிவு. அது ட்ரோனில் இல்லை. ஆப் இருக்கும் செல்பேசியிலோ, திரையுடன் கூடிய ரிமோட் என்றால் அந்த ரிமோட்டிலோ இருக்கிறது. நீங்கள் விற்கும் ரிமோட்டில் திரை இருக்குமானால், படமெடுத்த ஒவ்வொரு கல்யாண வீட்டின் இருப்பிடமும் வாங்குபவரின் கைக்குப் போகிறது என்று பொருள். ஆகவே அத்தகைய ரிமோட்டை அதன் சிஸ்டம் அமைப்புகளுக்குள் சென்று தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பிறகே கொடுக்க வேண்டும். செல்பேசியைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேறு திசையில் தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டில் டிஜேஐ ஃப்ளை ஆப் தன் பதிவுகளைத் தனக்குரிய கோப்புறைக்குள் வைத்திருப்பதால், ஆப்பை நீக்கியவுடன் அவையும் சேர்ந்தே போய்விடும். அவை உங்களுக்குத் தேவைப்படலாம் என்பதால், முதலில் செல்பேசியைக் கேபிள் மூலம் கணினியில் இணைத்து, 'ஃப்ளைட் ரெக்கார்ட்' என்ற கோப்புறையை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நகல் என்கிறேன் என்றால், நம் மாவட்டத்தில் இது அந்தரங்கம் காக்கும் விஷயம் மட்டும் அன்று. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் ஆகிய மூன்றும் இங்கேதான் இருக்கின்றன. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் திருமணத்திற்குப் படமெடுக்கச் சென்ற ஒருவரிடம், அன்று எங்கே பறக்கவிட்டீர்கள் என்று காவல்துறை பின்னாளில் கேட்டால், விநாடிக்குப் பல முறை இருப்பிடத்தைக் குறித்துவைத்திருக்கும் அந்தப் பதிவைவிட நல்ல சாட்சி வேறில்லை. விபத்தோ, காப்பீட்டுக் கோரிக்கையோ, விசாரணையோ நிலுவையில் இருந்தால் எதையும் அழிக்கவே வேண்டாம். சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்காமல் போக வேண்டும் என்ற நோக்கத்தோடு அழிப்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 241-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

அடுத்தது ட்ரோனின் உட்பலகையில் தானாகப் பதியும் பதிவு. பழைய ரகங்கள் பலவற்றில் இதை அழிக்கப் பொத்தான் கிடையாது. இடம் நிரம்பும்போது பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும், அவ்வளவுதான். டிஜேஐ அசிஸ்டென்ட் 2 என்ற கணினி மென்பொருளால் அதை வெளியே எடுக்கலாம். ஆனால் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், வாங்குபவர் சும்மா திறந்து படித்துவிட முடியாது. ட்ரோனைக் கழற்றி உள்நினைவகத்தையே துடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உடன்படாதீர்கள். அதனால் கிடைக்கும் பயனைவிட, பறக்கும்போது கட்டுப்பாடு இழந்து யார் தலையிலாவது விழும் ஆபத்தே பெரிது.

மெமரி கார்டை நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. விரைவு ஃபார்மேட் செய்த கார்டிலிருந்து படங்களை மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கார்டு போக, மேவிக் ஏர் 2, ஏர் 2எஸ் போன்றவற்றில் 8 ஜிபி உள்நினைவகமும் உண்டு. படங்கள் அதில் தங்கியிருக்கலாம் என்பதால் ஆப் வழியாக அதையும் ஃபார்மேட் செய்துவிடுங்கள். விற்பனைக்கு அப்பாற்பட்டதானாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ட்ரோன் எடுக்கும் ஒவ்வொரு புகைப்படத்திலும் இருப்பிடக் குறிப்பு ஒட்டியிருக்கும். வீடியோ சப்டைட்டில் வசதியை இயக்கியிருந்தால், எஸ்ஆர்டி கோப்பிலும் அதே விவரம் இருக்கும். திருமண வீட்டாருக்கு மூலக் கோப்புகளைக் கொடுக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

ஆப்பில் பறப்புப் பதிவுகளை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் ஒத்திசைவை எப்போதாவது இயக்கியிருந்தால், அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். அதை உங்கள் கணக்கிற்குள் சென்றுதான் நீக்க முடியும். வாங்குபவரால் அதைப் பார்க்க முடியாது.

கடைசியாக, ட்ரோனை இயக்கி ஆப்புடன் இணைத்த நிலையில், சாதன மேலாண்மைப் பகுதிக்குச் சென்று உங்கள் கணக்கிலிருந்து அதை விடுவியுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் ட்ரோன் உங்கள் பெயரோடு பிணைந்தே இருக்கும், வாங்கியவரும் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் உங்களைத்தான் தேடி வருவார். ட்ரோன் விதிகள், 2021-இன்படி தனி அடையாள எண் பெற்ற ட்ரோன் என்றால், டி-3 படிவத்தின் வழியாக உரிமை மாற்றத்தையும் முடித்துவிட்டு, ஒப்படைத்த தேதியைக் குறிப்பிட்டு வாங்குபவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை நகலெடுத்த பறப்புப் பதிவுகளோடு சேர்த்து வைத்திருங்கள்.