தேயிலைத் தோட்டத்து ஓடையில் கைவிடப்பட்ட பழைய மின் அணையை மறுபடி இயக்க முடியுமா?

முடியும். ஆனால் டர்பைன், அதாவது தண்ணீர் விசையில் சுழன்று கரண்டு எடுக்க உதவும் சக்கரம், அதன் விலையை விசாரிப்பதற்கு முன்னால், சருகைத் தடுக்கும் சல்லடையை யார் சுத்தம் செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

என் தாத்தா இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணிக் கான், அதாவது வாய்க்கால், பார்த்தவர். ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு கருங்கல் கட்டு. தண்ணீரைத் தேக்க இல்லை, திருப்பத்தான். அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு கான், அது முடிகிற இடத்தில் சின்னத் தொட்டி, தொட்டியிலிருந்து தேயிலை பெக்டரிக்குச் செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய். அந்தத் தண்ணீர்தான் கீழே டர்பைனைச் சுழற்றும். தொட்டி வாயில் கம்பிச் சல்லடை. மழை நாளில் மானாப்புல்லும் சருகும் அதில் அப்பிக்கொள்ளும். பெக்டரி விளக்கு மங்கினால் நடுராத்திரியிலும் தாத்தா முள்ளுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், வாரிப் போட. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1950இல் லக்சபான என்ற பெரிய நீர்மின்நிலையம் வந்தது. அப்புறம் மின்கம்பி தோட்டம் தோட்டமாக ஏற, ஓடைக் கரண்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் முதலில் நிறுத்தியது கான் வேலையைத்தான். சில மழையில் மண் மூடிவிட்டது. கட்டு இன்றும் விரிசல் இல்லாமல் நிற்கிறது. கானில் ஆள் உயரத்துக்குப் புல்.

1972, 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. 1996 வறட்சியில் நாடே மின்வெட்டில் தவித்தது. அதற்குப் பிறகுதான் பழைய ஓடைகள் பக்கம் பலர் திரும்பினார்கள். அதனால் உங்கள் எண்ணம் ஒன்றும் வீண் ஆசை இல்லை.

கணக்கு எளிது. வினாடிக்கு 50 லிட்டர் தண்ணீர், 40 மீட்டர் இறக்கம் இருந்தால், வழியில் போகும் இழப்பைக் கழித்து ஏறத்தாழ 12 கிலோவாட் கிடைக்கும். பெக்டரிக்குப் போதாது. இருபது வீட்டு லயத்துக்கு லைட், டிவி, ஃபேன் எல்லாம் தாராளமாக ஓடும். முதலில் அங்கே கொடுங்கள் என்பேன்.

மழைக்காலத்தில் அளந்து ஏமாறாதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் போய் அளங்கள். அப்போது கீழ் லயத்துப் பீலியில், அதாவது அவர்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயில், தண்ணீர் விழுகிறதா என்றும் பாருங்கள். குளிக்க, குடிக்க அவர்களுக்கு வேண்டியதைக் கழித்துவிட்டு, மிச்சம்தான் கரண்டுக்கு.