ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடணும்? குவாசுலு-நட்டால் ஆறுகள்: கேள்வி பதில்

நம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு நீர் ஓட வேண்டும், அதை முடிவு செய்யும் கூட்டங்களில் ஊர்க்காரர்கள் என்ன பேசலாம் என்பது மட்டும் இன்றைய பேச்சு. தண்ணீர் பில், குழாய் உடைப்பு எல்லாம் இங்கே வேண்டாம். இன்னொரு வேண்டுகோள்: "எத்தனை சதவீதம் விடணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

வெருலம் வாசகி: அக்கா, "ரிசர்வ்" "ரிசர்வ்" என்கிறார்களே, அணையில் பிடித்து வைக்கிற தண்ணீரா அது?

நேர் எதிர். அணையில் பிடிக்கக் கூடாத தண்ணீர் அது. 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் வரும் சொல். இரண்டு பங்கு உண்டு. ஒன்று மனிதரின் அடிப்படைத் தேவை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று கணக்கு. மற்றது ஆறு ஆறாக இருப்பதற்கான நீர். இந்த இரண்டையும் எடுத்து வைத்த பிறகுதான் பண்ணைக்கும் ஆலைக்கும் உரிமம். அணை நிரம்பினால் மிச்சத்தை ஆற்றுக்கு விடலாம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஃபீனிக்ஸ் 4031: சரி, ஒரு உத்தேசமா எத்தனை சதவீதம்?

முதல் ஆள் என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். ஆண்டு சராசரியில் 10 சதவீதம், 30 சதவீதம் என்று நீங்கள் எங்கோ படித்திருப்பீர்கள். அது 1976-இல் டெனன்ட் என்பவர் அமெரிக்காவின் மொன்டானா பக்கத்து ஓடைகளைப் பார்த்து எழுதியது. பனி உருகி ஓடுகிற ஊர்க் கணக்கு. நமக்குக் கோடையில் மழை, ஜூன் ஜூலையில் வறட்சி.

சராசரி எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். ஜூன் மாதம் ஓர் ஆற்றில் விநாடிக்கு 0.3 கன மீட்டர் இயல்பாக ஓடுகிறது என்று வையுங்கள். அணைக்காரர் 27 நாள் மதகை அடைத்துவிட்டு, மூன்று நாள் மட்டும் விநாடிக்கு 3 கன மீட்டர் திறக்கிறார். மாதச் சராசரி அதே 0.3தான். அறிக்கையில் "நிபந்தனை நிறைவேறியது" என்று டிக் போடுவார்கள். ஆனால் கல்லடியில் ஒட்டியிருந்த பூச்சிகள் காய்ந்து செத்திருக்கும், திறந்த மூன்று நாளில் மிச்சமிருந்ததும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது ஓர் எண் அல்ல, ஓர் அட்டவணை. வரிசையில் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை (நம் நீராண்டு அக்டோபரில் தொடங்கும்). மேலே குறுக்காக 10%, 20% முதல் 99% வரை. அந்தச் சதவீதம் நீரின் அளவு அல்ல. இயற்கையாக அந்த மாதத்தில் அவ்வளவு நீராவது வந்த ஆண்டுகளின் பங்கு. 10% பத்தி நல்ல மழை ஆண்டு, 99% கடும் பஞ்சம். மேலே மழை குறைந்தால் ஆற்றுக்கான நீரும் குறையலாம், பண்ணைக்கும் குறையும். பஞ்சத்தை ஆறு மட்டும் சுமக்கக் கூடாது. இந்த அட்டவணையோடு தனியாக வெள்ளப் பட்டியல் ஒன்றும் இருக்க வேண்டும்: எந்த மாதம், எத்தனை வெள்ளம், உச்சம் எவ்வளவு, எத்தனை நாள். முதல் மழைக்கு வரும் சின்ன வெள்ளம்தான் கற்களுக்கு நடுவே படிந்த வண்டலைக் கழுவும். நட்டால் மஞ்சள்மீன் முட்டையிடக் கூழாங்கல் தளம் தயாராவதும் அப்போதுதான்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை: கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்திருக்கிறது. ஸ்டேக்ஹோல்டர் என்கிறார்கள். நாங்கள் போய் என்ன செய்ய முடியும்? எல்லாம் முடிவான பிறகு கூப்பிடுவார்களோ?

நல்ல சந்தேகம். ஸ்டேக்ஹோல்டர் என்றால் அந்த ஆற்றோடு சம்பந்தப்பட்ட யாரும். 2010-இல் வந்த வகைப்பாட்டு விதிகளில் ஏழு படிகள். ஆற்றைப் பகுதிகளாகப் பிரித்து இன்றைய நிலையை எழுதுவது முதல் படி. நீரின் பயனையும் ஆற்றின் நிலையையும் இணைத்துப் பார்ப்பது இரண்டாவது. ஒவ்வோர் இடத்துக்கும் ஆற்றின் தேவையை அளப்பது மூன்றாவது. நான்கிலும் ஐந்திலும் மாற்றுத் திட்டங்கள் கட்டப்படும், அலசப்படும். ஆறாவது படியில்தான் "ஸ்டேக்ஹோல்டரோடு மதிப்பீடு" என்று எழுதியிருக்கிறது. ஏழாவது கெஜட். ஆறாம் படிக்குக் காத்திருந்தால் மேசையில் இருக்கும் நாலு திட்டங்களில் ஒன்றைத்தான் கை காட்ட முடியும். ஐந்தாவது ஒன்றை யாரும் உங்களுக்காக மறுபடி கணக்குப் போட மாட்டார்கள். முதல் படியிலேயே போய், "எங்கள் ஓடை உங்கள் வரைபடத்தில் இல்லை" என்று சொல்லுங்கள். ஒரு கிளை ஓடைக்குக் கணக்கிடும் புள்ளி வைக்கவில்லையென்றால், அதற்கென்று தனி நீர் அளவு பிறகு வராது.

எதைப் பேரம் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதில்தான் பாதிக் கூட்டங்கள் குழம்புகின்றன. இந்தக் கல்தளத்தில் மீன் கடக்க எவ்வளவு ஆழம் வேண்டும், அந்த ஆழத்துக்கு விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதைக் குறுக்குவெட்டு அளந்து சொல்ல வேண்டும்; அதில் ஓட்டெடுப்பு கிடையாது. ஆனால் இந்த ஆறு பி நிலையில் இருக்க வேண்டுமா, சி போதுமா என்பது உங்கள் முடிவு. ஏ என்றால் தொடப்படாதது, டி என்றால் பெரிதும் மாறியது. இ, எஃப் நிலையை இலக்காக வைக்க முடியாது. சி என்று ஒப்புக்கொள்வது கேவலமில்லை. நடுவே நகரம் இருக்கும் ஆற்றை ஏ ஆக்குவேன் என்று எழுதுவதுதான் பொய். அந்த நிலைகளைச் சேர்த்துத்தான் படுகைக்கு வகுப்பு 1, 2, 3 வரும்.

கெஜட்டில் முன்வரைவு வந்ததும் எழுத்து மூலம் கருத்துச் சொல்ல குறைந்தது 60 நாள் உண்டு. "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று 300 கையெழுத்து வாங்கி அனுப்பினால், கருத்துப் பதிவேட்டில் ஒரே வரியாகப் போய்ச் சேரும். "இந்தப் பாலத்துக்குக் கீழே ஆகஸ்டில் கல்லெல்லாம் வெளியே தெரிகிறது, இந்தப் புள்ளியின் ஆகஸ்ட் அளவு எந்த ஆழத்தைத் தருகிறது?" என்று ஒருவர் கேட்டால் அதை அப்படி ஒரே வரியில் தள்ளிவிடுவது கடினம்.

டொங்காட் கோவில் கமிட்டி: அம்மா, கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குத்தான் போகிறோம். கால் நனைக்கவே நீர் இல்லை, இருப்பதும் நாறுகிறது. இதெல்லாம் அவர்கள் கணக்கில் வருமா?

வரும், தாராளமாகச் சொல்லுங்கள். வழிபாட்டுப் பயனும் பயன்தான். திருவிழா எந்த மாதம், எந்தத் துறை, முழங்கால் அளவா இடுப்பளவா என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் நாற்றத்துக்கு நீரோட்ட அளவு மருந்தல்ல. "கழிவை நீர்த்துப்போகச் செய்ய அணையைத் திற" என்று கேட்காதீர்கள். கழிவுநீர் நிலையத்தின் தப்பை அணைத் தண்ணீரால் மூட விடுவது அது. அதற்கு நீர்த்தர இலக்கு தனியாக எழுத வேண்டும். உடல் முழுக நனைவதற்கு நம் நாட்டு வழிகாட்டு அளவு 100 மில்லிக்கு ஈ-கோலை 130-க்குள். அதைச் சோதிக்காமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

பைன்டவுன் தோட்டக்காரர்: வீட்டில் போர்வெல் போட அனுமதி வேண்டுமா?

வட்டார நீர்த்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மவுன்ட் எட்ஜ்கம்ப்: எங்கள் ஆற்றுக்கு 25 சதவீதம் போதுமா?

இரண்டாவது கேள்விக்கான பதில், மேலே.

ஐசிபிங்கோ தூண்டில்காரர்: கழிமுகத்தைப் பற்றிப் பேசுங்க தங்கச்சி. வாய் அடைச்சுக் கிடந்தா மீன் எப்படி உள்ளே வரும்? நாலு பேர் மண்வெட்டி எடுத்தா ஒரு மணி நேர வேலை. எதுக்கு இத்தனை கூட்டம்?

ஸ்டேங்கர் கரும்புக்காரர்: நானும் அதையேதான் சொல்றேன். வாய் அடைஞ்சா எங்க கீழ்வயல்ல தண்ணி ஏறி வேர் அழுகுது. திறந்து விடுங்க.

மீன்காரரும் கரும்புக்காரரும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகச் சொல்கிறீர்கள் அண்ணா.

நம் கரையில் பெரும்பாலான சின்னக் கழிமுகங்கள் மூடித் திறக்கிற வகை. குளிர்காலத்தில் ஆறு மெலியும், அலை மணலைக் குவிக்கும், முகத்துவாரம் அடையும், உள்ளே நீர் ஏறும். ஏறிய நீர் கரையோரப் புல்லுக்குள் பரவும்போது மீன்குஞ்சுக்கு மேய்ச்சலும் மறைவிடமும் கிடைக்கும். மூடியிருப்பது நோயல்ல. பெரிய அலை மணல்மேட்டைத் தாண்டி விழும்போதுகூட குஞ்சுகள் உள்ளே வரும்.

மண்வெட்டியால் தாழ்ந்த மட்டத்தில் திறந்தால் என்ன ஆகும்? உள்நீருக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் குறைவு, ஓட்டத்துக்கு வலு இல்லை. வாய்க்கால் ஆழமாக அறுபடாது. சேறு வெளியே தெரியும் அளவுக்கு நீர் இறங்கும், குஞ்சுகள் பறவைக்குத் தீனியாகும். அடுத்த ஓத ஏற்றத்தில் கடல் மணலை உள்ளே தள்ளும், சில நாளில் மறுபடி அடையும், இந்த முறை உள்ளே மணல் அதிகம். மணல் ஏற ஏற, அதே மழைக்கு உங்கள் வயலில் வெள்ளம் இன்னும் உயரும் அண்ணா.

ஸ்டேங்கர் கரும்புக்காரர்: அப்ப நாங்க மூழ்கணுமா? நாங்க பாசனம்கூடச் செய்யலை, மானாவாரிக் கரும்பு. ஆத்துல இருந்து ஒரு சொட்டு எடுக்கலை.

எடுக்கவில்லை என்பது சரி. மழைநீரை ஆற்றுக்கு வராமல் குறைக்கும் பயிர் என்று சட்டத்தின் 36-ஆம் பிரிவு பெயர் சொல்வது வணிக மரத்தோட்டத்தை மட்டுமே. கரும்பு அதில் இல்லை. ஆனால் கேள்வி வயல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. முகத்துவார மேலாண்மைத் திட்டத்தில் கடல்மட்டத்திலிருந்து அளந்த ஒரு நீர்மட்டத்தைக் குறிப்பார்கள். அதைத் தொட்டால் மட்டும் திறப்பு. கடலின் உச்ச ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரத்தில், ஆற்றிலும் நீர் வரத்து இருக்கும்போது. அப்போதுதான் ஆழமாக அறுத்துக்கொண்டு போகும். அந்த மட்டத்துக்குக் கீழே நடவு வேண்டாம். அதற்குச் சற்று மேலே இருக்கும் வயலின் வடிகாலுக்கு ஒருவழிக் கதவு போடுங்கள். கூட்டத்தில் நீங்கள் வாதாட வேண்டியது அந்த எண்ணைப் பற்றித்தான். அனுமதியில்லாமல் கழிமுகத்தில் 5 கன மீட்டருக்கு மேல் மணல் அள்ளினால் வழக்கு, அதையும் நினைவில் வையுங்கள்.

ஐசிபிங்கோ தூண்டில்காரர்: செயின்ட் லூசியாவை மட்டும் மெஷின் வைச்சுத் திறந்தாங்களே?

வடக்கே இருக்கும் அந்தப் பெரிய கழிமுக ஏரியை 2021 ஜனவரியில் திறந்தார்கள், பெரிய சர்ச்சை ஆனது. அதற்கு முன்கதை உண்டு. கரும்புக்காகச் சதுப்பில் வாய்க்கால் வெட்டியதால் உம்ஃபொலோசி ஆற்றின் வண்டல் நேராகக் கழிமுகத்துக்கு வந்தது. 1950-களில் ஆற்றையே பிரித்து வேறு வாய் வைத்தார்கள். நன்னீரின் பெரும்பங்கு போனது. 2002-இல் வறட்சியில் வாய் அடைந்து, ஏரி உப்பேறி வற்றியது. துகேலா கரையோர இறால் பிடிப்பும் விழுந்தது, ஏனென்றால் குஞ்சு இறால் வளரும் தொட்டில் அந்த ஏரி. 2012-க்குப் பிறகு ஆற்றை மறுபடி சேர்க்கத் தொடங்கினார்கள். ஆற்று நீரைத் திருப்பிவிட்டு, பிறகு வாயை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்னொன்று, யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். நீர் கூடினாலும் கேடு. உம்ஷ்லாங்கா கழிமுகத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர் வருகிறது. அதனால் நீர் சீக்கிரம் நிரம்பி, வாய் அடிக்கடி உடைகிறது, அடிக்கடி வடிகிறது. ஆகவே கழிமுக அட்டவணையில் குறைந்தபட்சம் மட்டுமல்ல, மேல் வரம்பும் கேளுங்கள்.

அம்சிண்டோ: ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி டெக்சாஸில் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்கிறான். உண்மையா?

அமைப்பு அழகு. 2007-இல் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு படுகைக்கும் விரிகுடாவுக்கும் இரண்டு குழு: அறிவியல் குழு ஆற்றின் தேவையை மட்டும் சொல்லும், ஸ்டேக்ஹோல்டர் குழு மற்றத் தேவைகளோடு அதை எடைபோட்டுப் பரிந்துரை தரும். பிறகு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் விதி ஆக்கும். பிழைப்பு ஓட்டம் (பஞ்சத்தில் உயிர் தங்க), அடி ஓட்டம் (சாதாரண நாளில்), திடீர் பெருக்கு (மழை வெள்ளம்) என்று அடுக்கடுக்காக எழுதுகிறார்கள். அறிவியலையும் பேரத்தையும் வேறு வேறு மேசையில் வைத்ததை நாம் கற்கலாம். ஓட்டை எங்கே என்றால், புதிய உரிமங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பழைய உரிமையைத் தொடாது. நம் சட்டத்தில் கட்டாய மறு உரிமம் வழியாகப் பழையவரையும் குறைக்க இடம் உண்டு. அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது நம் ஓட்டை.

பீட்டர்மரிட்ஸ்பர்க் மாணவன்: மினிசாஸ் பூச்சி மதிப்பெண் எடுத்தால் நீர் அளவு போதுமா என்று தெரியுமா அக்கா?

நேராகத் தெரியாது தம்பி. அது முதலில் நீரின் தரத்தைக் காட்டும். வேகமான நீரில் மட்டும் வாழும் கல் ஈக்குஞ்சு முன்பு கிடைத்த இடத்தில் இப்போது இல்லையென்றால் சந்தேகப்படலாம். கூடவே அந்த இடத்தின் ஆழமும் வேகமும் அளந்து எழுதியிருந்தால்தான் அது சாட்சி.

நியூகாசல்: சதவீதம்...

மேலே.

வெருலம் வாசகி: கடைசியா ஒண்ணு. கெஜட்டில் எழுதிவிட்டார்கள், சரி. விடுகிறார்களா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். மூன்று இடத்தில் கோட்டை விடுவார்கள்.

முதலாவது, அணையின் மதகு. பட்டியலில் இருக்கும் வெள்ளத்தைத் திறந்துவிட அதன் வழி போதாது என்றால் எழுதியதெல்லாம் வீண். கேப் பக்கம் பெர்க் ஆற்று அணையை விநாடிக்கு 200 கன மீட்டர் வரை திறக்கும்படி கட்டினார்கள், அதுவும் பல மட்டத்தில் நீர் எடுக்கும் கோபுரத்தோடு. அடிமதகு மட்டும் இருந்தால் வருவது குளிர்ந்த, பிராணவாயு குறைந்த நீர். அளவு சரியாக இருந்தும் மீன் சாகும். புதிய அணைக் கூட்டம் என்றால் மதகின் கொள்ளளவைத்தான் முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, வழியில் இறைப்பவர்கள். அணையில் விட்டது கழிமுகத்துக்கு வராது. அளக்கும் இடம் அணையடியில் மட்டும் இல்லாமல் கீழேயும் வேண்டும்.

மூன்றாவது, அளவணையே (நீரோட்டத்தை அளக்கும் சிறு தடுப்பு) இல்லாத ஆறு. நீர்த்துறையின் நீரியல் தளத்தில் நிலைய எண்ணைப் போட்டால் அளவு கிடைக்கும். உம்கேனி யூ2 என்றும், உங்கள் உம்ட்லோட்டி யூ3 என்றும் தொடங்கும், நடுவில் "எச்" இருந்தால் ஆற்று நிலையம், "ஆர்" இருந்தால் அணை. விநாடிக்கு 1 கன மீட்டர் என்பது ஒரு நாளைக்கு 86,400 கன மீட்டர். அணைக்காரர் மாதக் கணக்கை மில்லியனில் சொன்னால் இதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். நிலையம் இல்லாத இடத்தில், பாலத்தூணில் அளவுகோல் பதிக்கச் சொல்லி எழுதுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், படத்தில் எண் தெரியும்படி எடுங்கள். கோலில் பாசி படிந்திருந்தால் முதலில் தேய்த்துவிடுங்கள்; பாதி எண் மறைந்த படத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.