1.41 போதாதா?

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறேன். சேடு பாடம் (√2 மாதிரி மூலம் தீராத எண்கள்) மண்டையில் ஏறவே இல்லை. √2 என்றால் 1.41 தானே? அதை எழுதிவிட்டுப் போகாமல், √8 ஐ 2√2 ஆக்கு, பின்னத்தின் பகுதியில் (கீழே) இருக்கும் மூலத்தை நீக்கு என்று ஏன் உயிரை எடுக்கிறார்கள்? விடையிலும் √ நின்றால் பாதியில் விட்ட கணக்கு மாதிரி இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது என்று பக்கத்துக் காம்பிரா மாமா சொல்வது சரிதானோ?

ஒரு மாணவி

மகள்,

கணக்கு ஓடாத பிள்ளைக்கு இப்படியொரு கேள்வி வருமா? மாமா சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு உன்னைத்தான் திட்ட வேண்டும். பகுதியிலிருந்து மூலத்தை நீக்குவது கைப்பழக்கம். இருபது கணக்கு செய், வந்துவிடும்.

1.41 தான் என்னை உறுத்துகிறது. அதை அதாலேயே பெருக்கிப் பார். 1.9881. மிச்சம் 0.0119 எங்கே?

என் அம்மா கொழுந்து எடுத்தவர். பின்னேர நிறுவையில் நான் பக்கத்தில் நிற்பேன். கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு பதினேழே முக்கால் கிலோ வரும். நிறுவைத் துண்டுச் சீட்டில் 17 என்று விழும். கேட்டால், "சில்லறையெல்லாம் எழுத முடியாதும்மா." அந்த முக்கால் கிலோவும் ஃபெக்டரிக்குப் போய்த் தேயிலையாகத்தான் வந்தது. அம்மாவின் பேரில் மட்டும் ஏறவில்லை. அன்றிலிருந்து யாராவது வெட்டி எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலகை அறுக்கும் தச்சு பாஸுக்கு 1.41 போதும். பத்தடிச் சதுர அறையின் மூலைவிட்டத்தில் அரை அங்குலம்தான் பிசகும். நீ பாஸ் இல்லையே. பின்னமாக எழுதலாமே என்பாய். பின்னம் √2 ஆக வேண்டுமென்றால் மேலே உள்ளதன் வர்க்கமும் கீழே உள்ளதன் வர்க்கத்தின் இரட்டிப்பும் சமமாக வேண்டும். 7/5 ஐப் பார்: மேலே வர்க்கம் 49, கீழே வர்க்கத்தின் இரட்டிப்பு 50. ஒன்று குறைகிறது. 17/12: 289, 288. ஒன்று கூடுகிறது. 99/70: 9801, 9800. சனியன், மறுபடியும் ஒன்று! எவ்வளவு தூரம் போனாலும் சரிக்குச் சரி நிற்காது. ஏனென்றால் எந்த முழு எண்ணை வர்க்கித்தாலும் அதில் 2 என்ற காரணி இரட்டைப்படைத் தடவைதான் இருக்கும் (ஒன்றுமே இல்லாவிட்டாலும் பூச்சியம் இரட்டைதான்). அந்த வர்க்கத்தை இன்னொரு 2 ஆல் பெருக்கினால் ஒற்றைப்படையாகிவிடும். இரட்டையும் ஒற்றையும் எப்படி ஒன்றாகும்? இதை இரண்டு தரம் எழுதிப் பார், வாசித்துவிட்டுத் தலையாட்டாதே.

ஆகவே √2 என்று விட்ட விடைதான் முடிந்த கணக்கு. துளியும் வெட்டுப்படாமல் நிற்கிறது.

√8 ஐக் கேட்டாயே, மறந்தே போனேன். 8 என்பது 4 × 2. நாலின் மூலம் வெளியே வரும், 2 உள்ளேயே நிற்கும். அவ்வளவுதான்.

அம்மாவின் துண்டுகள் இன்னும் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கரிக்கோடு இருக்கிறது: அரைக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று.