வெளிவராத மூன்றாம் இதழ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், ஹிலிர் பேராக்கில் ஒரு தோட்டப்பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் நான்காம் படிவ மாணவர்கள் சிலர் ரகசியமாக ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். கையெழுத்தில் இரண்டு பக்கம். பட்டணத்து நகல் கடையில் முப்பது பிரதி எடுக்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மாதாமாதம் சிறுக்கிறது என்று எழுதுகிறார்கள். பெயர் போடுவதில்லை. ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கட்டொழுங்கு ஆசிரியரிடம் சொல்லிவிடுவதா, கண்டும் காணாமல் இருப்பதா? இன்னொன்று, தாள் முழுக்க ஒற்றுப்பிழை. கை துறுதுறுக்கிறது.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சொல்லாதீர்கள். எழுதியவனைப் பிடித்துக் கொடுத்தால் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிடப் போவதில்லை.

பயம் காட்டுவதற்குச் சட்டம் இருக்கிறது. 1984 ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் இலவசமாகக் கொடுக்கும் தாளையும் செய்தித்தாள் கணக்கில் சேர்க்கிறது. அனுமதியில்லாமல் வெளியிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். முப்பது பிரதிக்காக உள்துறை அமைச்சு தோட்டத்துக்கு வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அது நல்ல பூச்சாண்டி.

நானும் இந்த வேலையைச் செய்தவன். 1987 இல், கோலசிலாங்கூர் பக்கத்தில், நான்காம் படிவத்தில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கையால் சுற்றி நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம் ஒன்று இருந்தது. அங்கே ஜாகா (காவல்) வேலை பார்த்தவர் என் கூட்டாளியின் தாத்தா. இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ஊசிமுனைப் பேனாவால் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். சுழி போடும்போது கை சற்று அழுந்தினால் நடுப்பகுதி பெயர்ந்து விழுந்துவிடும். அச்சில் அந்த இடம் கறுப்புப் பொட்டாக வரும். ‘ண’ எங்களுக்குப் பரம எதிரி.

முதல் இதழ் தமிழ் வகுப்பைப் பற்றியது. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தவேண்டும் என்ற விதியை எடுத்துப் போட்டோம். இருபத்திரண்டு பேர் கையெழுத்து வாங்கியிருந்தோம். வகுப்பு வந்தது. அதற்கு எங்கள் தாள்தான் காரணம் என்று நாங்கள் நம்பினோம்; பெற்றோர் நேரில் போய் நின்றதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பு மதியம் பள்ளி விட்டபிறகு நடந்தது. முடிந்தால் வீடு திரும்ப பஸ் இல்லை. தோட்டத்து பஸ் பள்ளி விட்டதும் ஒரு நடை போகும். பிறகு மாலைப் பள்ளி விடும்போதுதான் வரும். தமிழ் படித்தவர்கள் அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் இதழில் நான் எழுதினேன்: பஸ் ஓட்டுநர் மூன்று மணிக்கு வராததற்குக் காரணம், அவர் அந்நேரம் தவறணையில் (கள்ளுக்கடையில்) இருக்கிறார். யாரோ சொன்னார்கள், எழுதிவிட்டேன். பெயர் போடாததால் எழுதக் கூச்சமும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். எனக்கு மாமா முறை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். ஓரத்தில் எண்ணெய்க் கறை.

“தம்பி, எனக்கு எழுத்து சரியாக வராது. இதில் என்னைப் பற்றி என்னவோ போட்டிருக்கிறதாம். படித்துச் சொல்.”

படித்தேன். ‘தவற’ வரைக்கும் போய் நின்றுவிட்டேன். ‘ணை’ முழுக்கப் பொட்டாக இருந்தது.

“அது என்ன சொல்?”

“மை கொட்டியிருக்கிறது மாமா, தெரியவில்லை.”

“தவறணை என்று சொன்னார்கள்” என்றார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தோட்ட அலுவலகத்தில் இரண்டு நடைக்குத்தான் டீசல் தருகிறார்கள், மூன்றாவது நடை ஓட்டினால் கிராணி சம்பளத்தில் பிடிப்பார் என்றார். தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. உண்மையான செய்தி அதுதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அலுவலகத்தை நேராகக் கேள்வி கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, எங்களைப் போலவே கைகட்டி நிற்கும் மனிதனைக் குடிகாரன் ஆக்கினோம். ஒளிந்து எழுதுகிறவனுக்கு வரும் ஆபத்து கட்டொழுங்கு ஆசிரியரின் ரொத்தான் பிரம்பு மட்டுமில்லை. எழுதப்பட்டவர் வந்து கேட்க வழியில்லாமல் போகிறது. அவரிடம் போய் விசாரிக்கவேண்டும் என்ற நினைப்பும் எழுதுகிறவனுக்கு வருவதில்லை.

ஆகவே உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் ஒன்று மட்டும் கேட்கலாம், போகிறபோக்கில், யாரையும் பார்க்காமல்: நாசி லெமாக் விற்கும் அம்மாவிடம் விசாரித்தார்களா? அரிசி என்ன விலை, கடைக்கு என்ன வாடகை என்று? மற்றபடி ஒற்றுப்பிழையைத் தொடாதீர்கள். சிவப்பு மை பட்டதும் அது பயிற்சிப் புத்தகம் ஆகிவிடும். அடுத்த இதழ் வராது. ‘ப்’ போடும் இடத்தை நீங்கள் திங்கட்கிழமை கரும்பலகையில் நடத்திக்கொள்ளுங்கள். புத்தியுள்ளவன் புரிந்துகொள்வான்.

மூன்றாம் இதழுக்கு ஸ்டென்சில் எழுதி முடித்திருந்தோம். அந்த அக்டோபர் 27 ஆம் தேதி ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் கைது நடவடிக்கை தொடங்கியது. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் அனுமதி போயிற்று. என் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டென்சிலைத் தேடி எடுத்து அடுப்பில் வைத்தார். மெழுகுத் தாள் என்பதால் நன்றாகவே எரிந்தது.

மாமா இப்போது இல்லை. அவர் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. எரிந்துபோன இதழின் முதல் வரியும் நினைவில் இருக்கிறது: “சென்ற இதழில் பஸ் ஓட்டுநரைப் பற்றி எழுதியது பொய். டீசல் இரண்டு நடைக்குத்தான் தருகிறார்கள்.”